எந்தத் தேதியை நம்புவது?

(அல்சூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "பெங்களூருக்கு அரசு அறிவிக்கும் ரயில், மெட்ரோ திட்டங்களை நம்பி வாழலாமா, கூடாதா?" 'கூடாது' அணியில் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமையும் டிராஃபிக்கில் நீந்தி இங்கே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவி அம்மா "நம்பிக்கைதானே வாழ்க்கை" என்று முடித்தார்கள். நானும் கை தட்டினேன். ஆனால் அம்மா, அந்த நம்பிக்கையில் ஏறி உட்கார்ந்தால் ஒன்பது மணிக்கு ஆபீஸ் வந்துவிடுமா?

புறநகர் ரயிலை எடுத்துக்கொள்வோம். இந்த ஊருக்கு அது வேண்டும் என்று 1983-லேயே பேசினார்கள். அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று நரை விழுந்துவிட்டது. 2018 மத்திய பட்ஜெட்டில் சுமார் 160 கிலோமீட்டர், 17,000 கோடி என்றார்கள். 2020 பட்ஜெட்டில் 148 கிலோமீட்டர், 18,600 கோடி. அதே வருஷம் அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கும்போது 15,767 கோடி. கவனியுங்கள் ஐயா, தண்டவாளம் ஒரு அடி விழுவதற்கு முன்பே 12 கிலோமீட்டர் குறைந்துவிட்டது. ரயில்தான் ஓடவில்லை, எண்கள் நன்றாக ஓடின.

2022 ஜூன் 20, பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 40 வருஷமாகக் கிடப்பில் கிடந்ததை 40 மாதத்தில் முடிக்கப் பாடுபடுவேன் என்றார். விரல் விட்டு எண்ணினால் 2025 அக்டோபர். அந்த அக்டோபரும் வந்தது, தீபாவளியும் வந்தது, ரயில் மட்டும் வரவில்லை. ஆனால் பெயர் வைப்பதில் மட்டும் ஒரு நாள் தாமதம் கிடையாது! நான்கு வழித்தடம், நான்கு பூ: சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா. நம் ஊர்க்காரர்களுக்குப் பூ பற்றித் தெரியாதா? நாலு கூடைப் பூவின் பெயரையும் சொல்லிக் கூவிவிட்டு, ஒரு முழம்கூட அளந்து தராதவரிடம் மறுநாள் யாராவது போய் நிற்பார்களா?

"மஞ்சள் மெட்ரோ வரவில்லையா? அதையும் சந்தேகப்பட்டீர்களே" என்று எதிரணித் தம்பி மேஜையைத் தட்டினார். வந்தது தம்பி, நானும் அதில்தான் போகிறேன். ஆனால் எப்படி வந்தது? தூண் நின்றது, தண்டவாளம் கிடந்தது, ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்தாயிற்று. ஓடுவதற்கு ரயில் பெட்டி இல்லை! கல்யாண மண்டபம் பிடித்து, பந்தியும் போட்டபிறகு மாப்பிள்ளையைத் தேடினார்கள். 2025 ஆகஸ்ட் 10-ல் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 ஸ்டேஷன் திறந்தபோது மொத்தம் மூன்றே ரயில். 25 நிமிடத்துக்கு ஒன்று. எலெக்ட்ரானிக் சிட்டி போகிறவன் ஒன்றைக் கோட்டைவிட்டால் அன்றைக்கு மேனேஜர் முகத்தில் முழிக்க முடியாது.

அதற்கு முன்னால் ஒயிட்ஃபீல்ட் கதை. 2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை திறந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பையப்பனஹள்ளி வரை ஏற்கெனவே ஓடுகிறது. நடுவில் இரண்டே கிலோமீட்டர் பாக்கி. ஜனங்கள் கே.ஆர்.புரத்தில் இறங்கி, தொங்கு பாலத்து நெரிசலில் பஸ் பிடித்து, பையப்பனஹள்ளியில் மறுபடி படியேறி, மறுபடி பையை ஸ்கேனரில் போட்டு... அக்டோபர் வரை இதே பாடு. திறப்பு விழா போட்டோவில் அந்த இரண்டு கிலோமீட்டர் தெரியவே தெரியாது ஐயா.

சரி, அரசு சொல்வது எல்லாமே பொய்யா? இல்லை. நேர்மையாகவே சொல்கிறேன். பெண்களுக்கு இலவச பஸ் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தார்கள். 2023 மே மாதம் பதவியேற்றார்கள், ஜூன் 11-ல் பஸ்ஸில் டிக்கெட் காசு கேட்பது நின்றது. என் வீட்டு அம்மணி அன்றே மெஜஸ்டிக் போய் வந்துவிட்டார்! ஏன் நடந்தது? வாக்குக் கொடுத்தவரே நாற்காலியில் இருந்தார். தவறினால் சட்டையைப் பிடிக்க ஆள் இருந்தது.

மெட்ரோவில் அப்படியா? மஞ்சள் வழியும் சேர்ந்த இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் 2014-ல். அப்போது முதல்வர் சித்தராமையா. நடுவில் குமாரசாமி வந்தார், எடியூரப்பா வந்தார், பொம்மை வந்தார். மஞ்சள் வழி திறக்கும்போது மேடையில் மறுபடி சித்தராமையா! டெல்லியில் ஆட்சியே மாறிவிட்டது. இதில் தாமதத்துக்கு யாரைப் போய்க் கேட்பது? வந்தவர் போனவரைக் காட்டுவார், மாநிலம் மத்தியைக் காட்டும், மத்தி மாநிலத்தைக் காட்டும். அதனால்தான் சொல்கிறோம்: சொன்னவரின் பதவிக்காலத்துக்குள் தேதி வந்தால் காது கொடுங்கள். அதைத் தாண்டிப் போனால், அது அவர் பணத்தில் எழுதிய செக் அல்ல.

நஷ்டம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அறிவிப்பு காலையில் பேப்பரில் வந்தால் மாலையில் புரோக்கர் "மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷம் சார்" என்கிறார். வாடகை அன்றே ஏறுகிறது. பத்து மாத அட்வான்ஸ் கைமாறுகிறது. ரயில் வருகிற வரைக்கும் ஏறிய வாடகையும் கொடுத்து, ஆட்டோவுக்கும் கொடுத்து, கடைசியில் ரயில் வந்து சேரும்போது டிக்கெட்டும் ஏறியிருக்கும். 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. அந்த உயர்வு மட்டும் தள்ளிப்போகவே இல்லை!

இன்னொன்று. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை கார்களுக்குச் சுரங்கச் சாலை, 16.7 கிலோமீட்டர், 17,000 கோடிக்கு மேல். டெண்டர் வரை போய்விட்டது. 148 கிலோமீட்டர் ரயிலுக்கு ஒதுக்கியதைவிட 16.7 கிலோமீட்டர் காருக்கு அதிகம். வாய் பஸ், ரயில் என்று பேசுகிறது, கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன் ஐயா. அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவிடம் ஒரே வேண்டுகோள். சம்பிகே வழியில் முதல் ரயில் எந்தத் தேதியில் தேவனஹள்ளி போகும் என்று இந்த மேடையில் சொல்லட்டும். அந்தத் தேதி தவறினால், மறுநாள் காலையிலிருந்து என் ஆட்டோ காசை யார் கொடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.