கடைசியில் சேர்ந்தவர் யார்?

தோழர்களே, பணிமூப்பு விதி தொழிற்சங்கத்துக்குக் கவசம். வேண்டியவரை வைத்துக்கொண்டு வேண்டாதவரை முதலாளி வெளியேற்றிவிடாமல் தடுப்பது அதுதான். ஆட்குறைப்பு என்றால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் எழுதிவைத்தார்கள். அந்த விதிக்காக நான் இன்றும் வாதாடுவேன். ஆனால், கடைசியில் சேர்ந்தவர் ஏன் கடைசியில் சேர்ந்தார் என்று அது ஒருபோதும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே வேலை உண்டு. ஆண்களுக்கு, உற்பத்திப் பிரிவில். பெண்களுக்கும் வேலை உண்டு. வெள்ளையினப் பெண்களுக்கு, அலுவலகத்தில். இனப் பாகுபாட்டையும் பால் பாகுபாட்டையும் தடைசெய்த சட்டம் 1964இல் வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் கழித்தே கறுப்பினப் பெண்களைப் பரவலாகச் சேர்த்தார்கள். அதற்குள் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. பணிமூப்புப் பட்டியலை எடுத்தார்கள். 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது.

ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள்: நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால், கறுப்பினத்தவர் ஏற்கெனவே தொடுத்திருக்கும் வேறொரு வழக்கில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் இணைத்துத் தனி உரிமை கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

எவ்வளவு கொடுமை! வெள்ளையினப் பெண்ணுக்குக் கிடைத்த நாற்காலியைக் காட்டியே கறுப்பினப் பெண்ணின் வாயை அடைத்தார்கள். வேலை போன வீட்டில், இது இனத்தால் வந்த பசி, இது பெண்ணாய்ப் பிறந்ததால் வந்த பசி என்று யாரால் பிரித்துக்காட்ட முடியும்? சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை அலசினார். நாற்சந்தியில் அடிபட்டவரிடம், எந்தத் தெருவில் வந்த வண்டி மோதியது என்று சொன்னால்தான் சிகிச்சை என்பதுபோன்ற தீர்ப்பு இது என்று அவர் காட்டினார்.

1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றத்தின் வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் பணிமூப்பு விதி அசையவில்லை. பழைய பாகுபாட்டின் விளைவைச் சுமந்து வந்தாலும், உள்நோக்கமின்றி வகுக்கப்பட்ட பணிமூப்பு முறை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சொல்லியிருந்தது.

ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிராமல், பேச்சுவார்த்தை மேசையிலேயே இதைக் கேளுங்கள். துப்புரவுப் பணியிலும் ஒப்பந்தப் பணியிலும் காலம் தள்ளிய பெண்களை நிரந்தரமாக்கும்போது, அந்த ஒப்பந்த ஆண்டுகளையும் பணிமூப்பில் கணக்கிட வேண்டும். அடுத்த கோரிக்கை மனுவில் அதை முதல் கோரிக்கையாக எழுதுங்கள்.