தன் தசை ஆடும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, இந்தப் பனியிலும் பஸ் பிடித்து வந்திருக்கும் மூத்தோர்களே, மண்டபம் தந்து தேநீரும் போட்டு வைத்திருக்கும் ஸ்கார்பரோ நூலகப் பணியாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கனடாவின் முதற்குடி மக்களில் ஒரு பிரிவினரான கிரீ மக்களின் இன்றைய நாவல்களைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: குடும்பம், அடையாளம், பிழைத்துக் கிடத்தல்.

முதலில் குடும்பம். ‘தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்கிறோம். கிரீ மொழியில் இதற்கு ‘வாகோத்தோவின்’ என்றொரு சொல் உண்டு. உறவுமுறை என்று பொருள். மனிதர் மட்டுமல்ல, விலங்கும் நிலமும் அந்த உறவுக்குள் அடக்கம்.

ஜெசிகா ஜான்ஸின் ‘பேட் கிரீ’ என்ற நாவல் 2023இல் வந்தது. மெக்கன்சி என்ற பெண் வான்கூவரில் தனியே இருக்கிறாள். ஒரு நாள் விழித்துப் பார்த்தால், கனவில் பிடித்திருந்த காக்கைத் தலை கையில் இருக்கிறது! கனவிலிருந்து கட்டிலுக்கே வந்துவிட்டது. வெளியே போனால் காக்கைகள் பின்தொடர்கின்றன. ஏன்? இறந்துபோன அக்காவின் இறுதிச் சடங்குக்கு அவள் போகவில்லை. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் பெற்ற தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கடைசி விடை கொடுத்தோம்? அந்தக் காக்கை நமக்கும் தெரிந்த காக்கைதான். கடைசியில் அவள் ஆல்பர்ட்டாவுக்கு, தாயிடம் போகிறாள். அங்கே அம்மா, சித்திமார், இன்னொரு அக்கா எல்லோரும் கூடி அவரவர் கனவைச் சொல்கிறார்கள். தன் தசை ஆடும் என்பது அதுதான்.

அடையாளத்துக்கு டாம்சன் ஹைவேயின் 1998 நாவல் ஒன்று போதும். சாம்பியன் என்ற கிரீச் சிறுவன், முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்றுக்குப் போகிறான். தலைமுடியைக் கத்தரிக்கிறார்கள், ஜெரமையா என்று கூப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்படிப் பிரிக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடியது 1997இல், நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்த பிறகு!

மூன்றாவதை மிஷெல் குட்டின் 2020 நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து வந்த ஐந்து பேரின் கதை அது.

நான் கேட்க வந்தது வேறு. நாம் வாழ்வது முதற்குடி மக்களின் நிலத்தில். அவர்களுடைய ஒரு நாவலையாவது, எழுதியவரின் அனுமதி பெற்று, நாம் தமிழில் கொண்டு வரவேண்டும். நம் அம்மம்மாக்கள் தமிழில்தானே படிக்கிறார்கள்? சரி, வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒரு அத்தியாயம் மொழிபெயர்க்க முடிந்தவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது.