பெத்தி-பிரெத்தோனின் நாற்றங்கால் ட்ராக்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிரெஞ்சு சைக்கிள் வீரர் லூசியன் பெத்தி-பிரெத்தோனைச் சாம்பியனாக்கியது சாலையா, வட்டமிட்டு ஓட்டும் பந்தயத் தளமான ட்ராக்கா? எதிரணித் தலைவர், பல கட்டங்களாக நடக்கும் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் இவர் 1907, 1908-இல் பெற்ற வெற்றிகளை எடுத்து வைத்தார். அந்தப் பந்தயத்தை இரண்டு முறை வென்ற முதல் வீரர் இவர்தான், உண்மை. ஆனால் அவர் காட்டியது அறுவடை நடந்த வயலை. நாற்றங்காலை நான் காட்டுகிறேன்.

அர்ஜென்டினாவில் வளர்ந்து 1902-இல் பிரான்சுக்குத் திரும்பியவர், 1904-இல் வென்றது 'போல் தோர்' பந்தயம். ட்ராக்கில் 24 மணி நேரம்! மறு ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, பாரிஸின் பஃபலோ வெலோட்ரோமில் (சைக்கிள் ட்ராக் அரங்கில்), ஒரு மணி நேரத்தில் 41.110 கிலோமீட்டர். உலக சாதனை. அதற்கு முந்தைய சாதனை, 1898-இல் அமெரிக்க வீரர் ஹாமில்டன் ஓட்டிய 40.781.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அந்த ட்ராக்கில் மூன்று சுற்று ஒரு கிலோமீட்டர். சுற்றுக்கு 29 விநாடிக்குச் சற்றுக் கூடுதல். இப்படி 123 சுற்று. பழைய சாதனை வேகத்தோடு ஒப்பிட்டால் சுற்றுக்கு மிச்சம் கால் விநாடிதான்! முன்னால் காற்றைத் தடுக்க ஆளில்லை. ஃப்ரீவீல் இல்லை, பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வே கிடையாது. ஆசைப்பட்டு முதல் பத்துச் சுற்றையும் சுற்றுக்கு 28 விநாடியில் ஓட்டினால், கடைசிக் கால் மணியில் தொடை இறுகிவிடும். மிச்சம் பிடித்த விநாடியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். சக்தியை அளந்து செலவழிக்கும் இந்தக் கணக்கை எந்தச் சாலை இவ்வளவு கறாராகச் சொல்லிக்கொடுக்கும்?

இப்போது டூருக்கு வருகிறேன். அன்று வெற்றியைத் தீர்மானித்தது மொத்த நேரம் அல்ல, புள்ளி. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் வந்தால் 1, இரண்டாவதாக வந்தால் 2. குறைந்த புள்ளிக்காரர் வென்றார். ஒரு மணி நேரம் முந்தினாலும் ஒரு சக்கர அகலம் முந்தினாலும் ஒரே மதிப்பு. நாலு பேர் சேர்ந்து முடிவுக்கோட்டை நெருங்கும்போது கடைசி இருநூறு மீட்டரில் யார் காலில் வேகம் மிஞ்சியிருக்கிறதோ, அவருக்கே லாபம். 1908-இல் 14 கட்டங்களுக்கும் சேர்த்து இவர் வாங்கியது 36 புள்ளி. கட்டத்துக்கு மூன்றுகூட ஆகவில்லை. இரண்டாவது வந்த ஃபாபருக்கு 68.

'தன் சைக்கிளைத் தானே பழுதுபார்க்க வேண்டும் என்ற விதிதான் இவரைக் காப்பாற்றியது' என்றார் எதிரணி நண்பர். கைத்திறன் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பஞ்சரான டயரை ரிம்மிலிருந்து உரித்து, தோளில் மாட்டியிருக்கும் மாற்று டயரைப் போட்டு, காற்றடித்துக் கிளம்ப வேண்டும். சரியாக உட்காராவிட்டால் வளைவில் கழன்று ஆளையே வீழ்த்தும். ஆனால் அந்தத் திறன் இழப்பைத்தான் குறைக்கும். இழந்ததைப் பிடிக்க வேகம் வேண்டாமா?

1908-இன் கடைசிக் கட்டம், கான் நகரிலிருந்து பாரிஸ். முடிவுக்கோடு எங்கே தெரியுமா? பார்க் தே பிரின்ஸ் வெலோட்ரோமுக்குள், ட்ராக்கின் மேல். அதில் முதலில் வந்தவர் பெத்தி-பிரெத்தோன்.