கடற்கரை ராஜாவின் மலைக்கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்திலேயே வளர்ந்த எங்களுக்கு மலை என்றால் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம்தான். பர்வதம் என்பது பெயருக்கு. ஏறி நின்றால் மணல்மேடு. மற்றபடி பனையும் கண்மாய்க் கரையும்தான். அதற்கு மேல் உயரம் பார்க்க வேண்டுமானால் கோயில் கோபுரத்தையோ பள்ளிவாசல் மினாராவையோ அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட சீமையை ஆண்டவர் ஒரு மலைக்கோட்டை கட்டினார். எங்கே? இராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே, புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் இருக்கிற திருமயத்தில். ஆண்டு 1687. கட்டியவர் கிழவன் சேதுபதி. பெயரைக் கேட்டுத் தாத்தா என்று நினைத்துவிட வேண்டாம். கிழவன் என்றால் உரிமை உள்ளவன், தலைவன் என்று பழந்தமிழிலேயே பொருள் உண்டு. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

சேதுவை, அதாவது இராமர் அணையைக் காப்பவர் என்பதுதான் சேதுபதி என்ற பட்டத்துக்கே அர்த்தம். கடலைப் பார்த்து நிற்க வேண்டியவருக்கு அவ்வளவு தூரத்தில் கோட்டை எதற்கு? தெற்கேயும் கிழக்கேயும் கடலே அகழி மாதிரி. வடக்கேதான் வாசல் திறந்து கிடந்தது. தஞ்சையில் மராட்டியர் வந்து உட்கார்ந்து அப்போது பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த எல்லையில் ஆளை நிறுத்தி வைக்க ஒரு பாறை கிடைத்தது, வளைத்துக்கொண்டார். இது என் கணிப்பு. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

பாறை ஒன்றும் வெறும் பாறை இல்லை. கோட்டைக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே அதன் அடிவாரத்தைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில் எடுத்துவிட்டார்கள். சத்தியகிரீசுவரர் ஒரு பக்கம். பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கும் பெருமாள் ஒரு பக்கம். சாமி இருந்த மலைக்குத்தான் சிப்பாய் பிறகு வந்தான். மேலே ஏறும் வழியில் ஒரு மருந்துக் கிடங்கு இருக்கிறது. மருந்து என்றால் வெடிமருந்து. அதற்குச் சற்று மேலே, மேற்குச் சரிவுப் பாறையில் குடைந்த சிறு அறைக்குள் ஒரு லிங்கம். கோட்டையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்று மதில் இருந்ததாம். இன்றைக்கு நான்குதான் மிச்சம்.

சரி, இந்தக் கோட்டை எப்படிச் சேதுபதிகளின் கையை விட்டுப் போனது? கிழவன் சேதுபதியின் மனைவி காதலி நாச்சியார், தொண்டைமான் வீட்டுப் பெண். அந்த உறவில்தான் மைத்துனர் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைச் சீமை போனது. 1710-இல் கிழவன் மறைந்தார். அடுத்து வந்த சேதுபதியும் போன பிறகு பட்டத்துக்குப் பங்காளிச் சண்டை. துணைக்கு வந்த தொண்டைமானுக்குத் திருமயம் கைமாறியது. கொஞ்ச காலத்தில் சிவகங்கையும் தனிச்சீமையாகப் பிரிந்துகொண்டது. வடக்கு எல்லை தெற்கே வெகுதூரம் இறங்கிவிட்டது. எந்த எல்லைக்காகக் கட்டினாரோ, அந்த எல்லை அங்கே இல்லை. அப்புறம் காவலுக்கு அங்கே என்ன வேலை?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் கையில் வைத்துக்கொண்டது போய்விட்டது, கொடுத்தது நிற்கிறது. 1772-இல் ஆங்கிலேயப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. இன்றைக்கு அரண்மனைப் பக்கம் போனால் ராமலிங்க விலாசத்தைக் காட்டலாம். கோட்டைச் சுவர் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் விழிக்கத்தான் வேண்டும். தொண்டைமான் ஆங்கிலேயருக்கு வேண்டியவர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தொண்டைமானால் திருமயத்துக்கு அந்தக் கதி நேரவில்லை.

ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் சேதுபதி கோட்டை என்றும் சொல்வதில்லை, தொண்டைமான் கோட்டை என்றும் சொல்வதில்லை. ஊமையன் கோட்டை என்பார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை அங்கே பதுங்கியிருந்தார் என்று ஒரு பேச்சு. 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததே தொண்டைமானின் ஆட்கள்தான். அவர்கள் கோட்டைக்குள் போய்த் தம்பி ஒளிந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் சண்டைக்கு வருவார்கள், நான் கேட்டதில்லை.

ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். முக்கால்வாசிப் பேர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அதன் மேல் ஏறக்கூடாது என்று நான் கத்திக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் கையை நெற்றிக்குக் கொடுத்துச் சுற்றுமுற்றும் பார்த்தான். "சார், இங்கேயிருந்து நம்ம கடல் தெரியுமா?"

நானும் பார்த்தேன். வெயிலில் கண்மாய்கள் தெரிந்தன, வயல் தெரிந்தது. கடல் தெரியவில்லை. "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றான். கிழக்கே கையைக் காட்டினேன். நாங்கள் இறங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வணக்கம்.