அறைக்கு ஒரு தாழ்ப்பாள்
(ஒட்டன்சத்திரம் அருகே மகளிர் குழுக்கள் கூட்டத்தில் பேசியது)

தலைமை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தலும் மைக்கும் இனாமாகத் தந்த அண்ணன் அவர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை ஒரு வார்டு உறுப்பினரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தடுப்பூசி, பரிசோதனை, ஆண்களின் பொறுப்பு.

"நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலி வரைக்கும் விடாதே" என்பார் என் அப்பத்தா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. அதற்குக் காரணமான ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. அப்போதும் அது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அத்தனை வருடமும் நகத்துக்கு அடங்குகிற விஷயம்தான்! தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. போட்டவர்களுக்கும் பிற்பாடு பரிசோதனை வேண்டும். மற்றதை டாக்டரம்மா சொல்வார்.

பரிசோதனை என்றதும் வெளிநாட்டுக் கதை வேண்டாம். 2000இல் நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அதில் உண்டு. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகளே கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது.

என் நாத்தனாரை முகாமுக்குக் கூட்டிப்போன கதையைச் சொல்கிறேன். தக்காளி பறிப்பை விட்டுவிட்டு வந்தவள், "வினிகர் மாதிரி ஒன்றைத் தடவுவார்கள்" என்றதும், "ஏன் மதினி, என்னை ஊறுகாய் போடப் போறாங்களா?" என்றாள். வேனே சிரித்தது. அங்கே போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவைச் சாத்தி ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்திருந்தார்கள். இவள் படுத்த நேரம் பார்த்து, மாத்திரைப் பெட்டியோடு ஒருவர் கதவைத் தள்ள, ஸ்டூல் உருண்டது. இவள் சேலையை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள். அவளை மறுபடி வரவழைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அப்போது வெள்ளைத் திட்டு தெரிந்தது. நல்லவேளை, புற்று இல்லை. அந்த இடத்தை உறைய வைத்துச் சரிசெய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். நகத்தோடு போயிற்று. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

வெட்கத்தால் பெண்கள் வருவதில்லை என்கிறார்கள். ஆண்கள் உள்ளே வர முடியாத ஒரு அறையை முதலில் கொடுங்கள், அப்புறம் எங்கள் வெட்கத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு திரை, ஒரு கழிப்பறை, உள்பக்கம் தாழ்ப்பாள். நான்கு வருடமாக மனு கொடுக்கிறேன்.

மணியடித்துவிட்டார்கள். ஆண்களின் பொறுப்பை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். தலைவர் அவர்களே, வரும் வழியில் ஆசாரி கடையில் வாங்கினேன். இந்தாங்க தாழ்ப்பாள், நாலு திருகாணியும் இருக்கிறது.