படகுக் கூலி ஆயிரம் குரோனர் | கில்லெலாய துறைமுகத்துல இருந்து

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கொஞ்சம் ஓவரா கேக்கும், பொறுத்துக்கோங்க. டென்மார்க்கோட வடக்கு ஓரத்துல, கில்லெலாயன்னு ஒரு மீன்பிடி ஊர்ல நிக்கிறேன். படகுங்களுக்கு அந்தப் பக்கம், தண்ணிக்கு மேல மங்கலா ஒரு மேடு தெரியுதுல்ல, அது ஸ்வீடன், ரெண்டாம் உலகப் போர்ல எந்தப் பக்கமும் சேராத நாடு. இருபது கிலோமீட்டர் வாக்குல இருக்கும். 1943 அக்டோபர்ல இந்த ஒரு ஊர்ல இருந்து மட்டும் ஆயிரம் பேருக்கு மேல யூதர்கள் நாஜிங்ககிட்ட இருந்து அந்தக் கரைக்குத் தப்பிச்சுப் போனாங்க. நாடு முழுக்க சேர்த்தா ஏழாயிரத்துக்கும் மேல.

இதை நீங்க ஏதாவது ஒரு ஃபார்வர்டு மெசேஜ்ல படிச்சிருப்பீங்க. ஜெர்மன்காரன் யூதர்களை மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கச் சொன்னானாம், உடனே டென்மார்க் ராஜா தானும் ஒண்ணு குத்திக்கிட்டு குதிரை மேல ஊர்வலம் வந்தாராம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடக்கல. டென்மார்க்ல அந்த நட்சத்திர உத்தரவே வரல, அப்புறம் ராஜா எங்க குத்திக்கிறது? பத்தாம் கிறிஸ்டியான் குதிரையில ஊரைச் சுத்தினது நிஜம், அவ்வளவுதான்.

நிஜமா நடந்தது எனக்கு இதைவிடப் பிடிச்சிருக்கு. அதுல காசு இருக்கு, பேரம் இருக்கு, பயந்துபோய் பாதியில கிளம்பிப் போன கப்பல் இருக்கு, ஒரு நாஜி கட்சிக்காரனும் இருக்கான்.

முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். 1940 ஏப்ரல் 9, ஜெர்மனி உள்ள வருது. டென்மார்க் சில மணி நேரத்துல கையைத் தூக்கிடுச்சு. அதுக்குப் பதிலா, சொந்த அரசாங்கம், நாடாளுமன்றம், போலீஸ், கோர்ட் எல்லாம் அப்படியே நடந்துச்சு. ஜெர்மனிக்கு வெண்ணெயும் பன்றிக்கறியும் போய்க்கிட்டே இருந்துச்சு. அதனால இங்க இருந்த யூதர்கள் மேல மூணு வருஷத்துக்கு மேல கை வைக்கல. 1943 கோடையில ஸ்டிரைக், நாசவேலைன்னு ஊர் சூடாச்சு. நாசவேலை பண்றவனுக்கு மரண தண்டனை குடுன்னு ஜெர்மனி கேட்டுச்சு, அரசாங்கம் முடியாதுன்னுச்சு. ஆகஸ்ட் 29-ஓட எல்லாம் முடிஞ்சுது, ராணுவச் சட்டம் வந்துருச்சு. செப்டம்பர் 8, இங்க இருந்த ஜெர்மன் அதிகாரி வெர்னர் பெஸ்ட், யூதர்களைப் பிடிக்க இதுதான் நேரம்னு பெர்லினுக்குத் தந்தி அடிக்கிறான்.

இப்போதான் அந்த கட்சிக்காரன் வர்றார். கேயார்க் டுக்விட்ஸ். ஜெர்மன் தூதரகத்துல கப்பல் போக்குவரத்தைப் பாத்துக்கிட்ட ஆள். ஹிட்லர் ஆட்சிக்கு வர்றதுக்கு முந்தியே, 1932-லயே நாஜி கட்சியில சேர்ந்தவர். பெஸ்ட்டே இவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடறான். மனுஷன் முதல்ல பெர்லினுக்குப் பறந்து போய் தடுக்கப் பாக்குறார், நடக்கல. அப்புறம் ஸ்டாக்ஹோம் போய் ஸ்வீடன் பிரதமரையே பாத்து, ஆளுங்க வந்தா சேத்துக்குவீங்களான்னு கேக்குறார். செப்டம்பர் 28, பிடிக்கப் போற தேதி உறுதியானதும், நேரா டென்மார்க் சோஷியல் டெமாக்ரட் கட்சியோட முக்கியத் தலைவர் ஹான்ஸ் ஹெட்டொஃப்ட்கிட்ட போட்டு உடைக்கிறார். தெரிஞ்சா தேசத்துரோகம், தலை போயிருக்கும்.

ஹெட்டொஃப்ட் ஓடிப்போய் யூத சமூகத்தோட தலைவர் ஹென்ரிகஸ்கிட்ட சொன்னா, அவர் நம்பல. பொய் சொல்றீங்கன்னுட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன் நான். மூணு வருஷமா ஒண்ணும் ஆகாதுன்னு அதிகாரிங்க சத்தியம் பண்ணியிருக்காங்க, திடீர்னு ஒருத்தர் வந்து நாளைக்கு நைட்டு வீட்டை விட்டு ஓடுன்னா? மறுநாள் காலையில கோபன்ஹேகன் தொழுகைக் கூடத்துல, ராபி, அதாவது யூத மதகுரு, மார்குஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்திட்டு, கூடியிருந்தவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லி, இப்பவே கிளம்புங்க, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்கன்னு அனுப்பி வைக்கிறார். அன்னைக்கு சாயங்காலம் யூதப் புத்தாண்டு தொடங்குது. பண்டிகைக்கு எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னுதான் ஜெர்மன்காரன் அந்த நேரத்தைப் பிடிச்சான்.

ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். டெலிபோன் டைரக்டரியை எடுத்து யூதப் பேர் மாதிரி தெரிஞ்சதையெல்லாம் பேனாவால வட்டம் போட்டுக்கிட்டு, வீடு வீடா போய்த் தட்டினார். போக இடமில்லாதவங்களை பிஸ்பெபியர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்க டாக்டர்களும் நர்சுகளும் அவங்களை டேனிஷ் பேர்ல நோயாளின்னு பதிவு பண்ணிப் படுக்க வச்சாங்க. வெளிய கொண்டுபோறதுக்கு ஒரு தடவை சவ ஊர்வலமே ஏற்பாடு பண்ணாங்க. கருப்பு டிரஸ், பூ, வரிசையா டாக்சி. யாரு செத்தான்னு எவனும் கேக்கல. நூத்துக்கணக்குல ஆளுங்க இந்த ஆஸ்பத்திரி வழியா போனாங்க.

அக்டோபர் 1 ராத்திரி ரெய்டு. கிடைச்சது 280 பேர் வாக்குல. பெரும்பாலும் வயசானவங்க, இல்ல தகவல் எட்டாதவங்க. இதுல ஒண்ணு கவனிங்க: கதவை உடைக்கக் கூடாதுன்னு ஜெர்மன் போலீசுக்கு உத்தரவு இருந்துச்சு. பெல் அடி, திறக்கலன்னா போயிடு. போலந்துல யூதர்களைக் கூட்டம் கூட்டமா கொன்னதையும் இதையும் ஒரே ஆட்சிதான் பண்ணுச்சான்னு தோணும். டென்மார்க்கை ரொம்பக் கலவரப்படுத்தினா வெண்ணெய் வராது, அமைதி போயிடும். பெஸ்ட்டுக்கு வேண்டியது யூதன் இல்லாத டென்மார்க், அவங்க ஸ்வீடன் போனாலும் கணக்கு சரிதான். கடல்லயும் ஜெர்மன் கடற்படை பெருசா துரத்தல. காப்பாத்தினவங்க தைரியத்தை இது குறைக்குதான்னு கேட்டா, இல்ல. அன்னைக்கு ராத்திரி பெல் அடிச்ச வீட்டுக்குள்ள இருட்டுல உக்காந்திருந்தவங்களுக்கு இந்த உத்தரவு தெரியாது.

அடுத்த நாள், அக்டோபர் 2, வர்றவங்க எல்லாரையும் சேத்துக்குவோம்னு ஸ்வீடன் ரேடியோலயே அறிவிச்சுது. விஞ்ஞானி நீல்ஸ் போர், அவர் அம்மா யூதர், ரெண்டு நாள் முன்னாடிதான் படகுல ஸ்வீடன் போயிருந்தார். ரகசியமா வேணாம், வெளிப்படையா சொல்லுங்கன்னு அழுத்தம் குடுத்தவர்ல அவரும் ஒருத்தர். காலமும் பாருங்க. ஒரு வருஷம் முன்னாடி, 1942 நவம்பர்ல, பக்கத்து நாடான நார்வேல இருந்து 500 பேருக்கு மேல ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, போலந்துல இருந்த ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. அது ஸ்வீடன்காரங்களை உலுக்கிடுச்சு. ஸ்டாலின்கிராடுல ரஷ்யாகிட்ட அடி வாங்கினதுக்குப் பிறகு ஜெர்மனி போர்ல தோக்கும்னும் தெரிய ஆரம்பிச்சுது. இதே விஷயம் 1941-ல நடந்திருந்தா, அந்தக் கரை திறந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

சரி, தலைப்புக்கு வர்றேன். படகுக் கூலி.

மீனவர்கள் சும்மா கொண்டுபோய் விடல. ஆளுக்கு சராசரியா 1,000 குரோனர், அதாவது டென்மார்க் காசு, வாங்கினாங்க. அப்போ மாசச் சம்பளம் சராசரியா 500 குரோனர் கூட இல்ல. அப்போ ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல, ஒரு ஆளுக்கு. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்கன்னா? தையல்காரங்க, சிகரெட் சுத்துறவங்கன்னு நிறைய பேர் கூலி வேலை பாத்த குடும்பம். முதல் சில நாள்ல ரேட் தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் டிக்கெட் மாதிரி ஏறுச்சு. சிலர் சராசரியைவிடப் பல மடங்கு வாங்கினாங்க. சிலர் காசே வாங்கல. அப்புறம் எதிர்ப்புக் குழுக்கள் நடுவுல வந்து, பணக்காரங்ககிட்ட நன்கொடை வசூல் பண்ணி, பேரம் பேசி, காசில்லாதவங்களுக்கு அவங்களே கட்டினாங்க. காசில்லைங்கிறதுக்காகக் கரையில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ஓடி ஓடி வேலை பாத்தவங்கள்ல டாக்டர், காலேஜ் பசங்க, டீச்சர்னு எல்லாரும் இருந்தாங்க. ஹெல்சிங்கோர்ங்கிற ஊர்ல இருந்து ஸ்வீடன் நாலே கிலோமீட்டர். அங்க ஒரு புத்தகம் பைண்டிங் பண்றவரும் அவர் கூட்டாளிங்களும் தையல் கிளப்னு பேர் வச்சுக்கிட்டு ஆளுங்களை ரகசியமா அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டாங்க.

இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வருது. காசு வாங்கினவனை எப்படி ஹீரோங்கலாம்னு. நான் இப்படிப் பாக்குறேன். மீனவனுக்குப் படகுதான் சொத்து. பிடிபட்டா படகு போயிடும், அவன் ஜெயிலுக்குப் போவான், வீட்டுல அடுப்பு எரியாது. முதல் வாரத்துல பிடிபட்டா சுட்டுருவானா விட்டுருவானான்னு எவனுக்கும் தெரியாது. அதுக்கு ஒரு விலை கேட்டான். அந்தக் காசுதான் நூத்துக்கணக்கான படகைத் தண்ணியில இறக்குச்சு. நல்லவங்களை மட்டும் நம்பியிருந்தா மூணே வாரத்துல ஏழாயிரம் பேர் போயிருக்க முடியாதுங்கிறது என் கணக்கு. அதுக்காக, கைக்குழந்தையோட நின்னவங்ககிட்ட பல மடங்கு பிடுங்கினவனை நான் மன்னிக்கல. ரெண்டும் ஒரே துறைமுகத்துல நடந்துச்சு.

படகுல ஒளிஞ்சிருக்கிறவங்களைக் கண்டுபிடிக்க ஜெர்மன்காரன் மோப்ப நாய் கொண்டுவந்தப்புறம், காய்ஞ்ச ரத்தப் பொடியோட கொகெயின் கலந்து கைக்குட்டையில தடவினாங்க. நாய் ரத்த வாசனைக்கு வந்து மோந்து பாக்கும், மூக்கு மரத்துப்போயிடும். ஸ்வீடன்ல தயாரிச்சு வந்தது. அருமையான மூளை.

இப்போ கேமராவைத் திருப்புறேன். அந்த சர்ச் தெரியுதா? அக்டோபர் முதல் வாரம், இங்க துறைமுகத்துல ஒரு பெரிய பாய்மரக் கப்பல்ல ஆளுங்க ஏறிக்கிட்டிருக்காங்க. யாரோ ஜெர்மன்காரன் வர்றான்னு கத்திட்டாங்க. கப்பல் கிளம்பிடுச்சு. ஏறாதவங்க கரையில. ஊர்க்காரங்க அவங்களைப் பிரிச்சு வீடுகள்லயும், சர்ச் பரண்லயும் ஒளிச்சு வச்சாங்க. பரண்ல 80 பேர் வாக்குல. கம்பளி, சாப்பாடு எல்லாம் ஊர்தான் குடுத்துச்சு. 6-ஆம் தேதி ராத்திரி ஹெல்சிங்கோர் கெஸ்டாப்போ, அதாவது நாஜி ரகசிய போலீஸ், தலைவன் ஹான்ஸ் யூல் ஆளுங்களோட வந்து சர்ச்சைச் சுத்திக்கிட்டான். விடியறதுக்குள்ள எல்லாரையும் இறக்கிட்டாங்க. ஒரே ஒரு பையன் மணிக்கூண்டுல ஒளிஞ்சு தப்பிச்சான். யூல் கதவை உடைக்கக் கூடாதுங்கிற உத்தரவு, வெண்ணெய்க் கணக்கு எதையும் பாக்கிற ஆள் இல்ல. ஒரு ஊர்ல எந்த அதிகாரி இருந்தான்ங்கிறதே உயிரா சாவான்னு முடிவு பண்ணுச்சு. படகு கவுந்து செத்தவங்களும் இருக்காங்க. போக வழி தெரியாம தற்கொலை பண்ணிக்கிட்டவங்களும் இருக்காங்க.

பிடிபட்டவங்க மொத்தம் 470 பேர் வாக்குல தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குப் போனாங்க, செக் நாட்டுல. டென்மார்க் அதிகாரிங்க இவங்களை விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்க ஆளுங்க எப்படி இருக்காங்க, பார்சல் அனுப்பலாமா, நேர்ல பாக்கலாமான்னு. கடைசியில 1944 ஜூன் 23, பாக்க விட்டாங்க. அதுக்கு முன்னாடி முகாமுக்குப் பெயின்ட் அடிச்சு, பூச்செடி வச்சு, நெரிசல் தெரியக் கூடாதுன்னு ஏழாயிரம் பேருக்கு மேல ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிட்டாங்க. அதாவது டென்மார்க்காரங்க நல்லெண்ணத்தோட கேட்ட கேள்விக்கு, வேற நாட்டு யூதர்கள் உயிரால பதில் எழுதினான் நாஜி. இதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. கேட்டது தப்பா? இல்ல. கேட்டதாலதான் டென்மார்க் யூதர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பாம விட்டாங்க. அதுல ஐம்பது பேர் வாக்குல முகாம்லயே இறந்தாங்க, மத்தவங்க 1945 ஏப்ரல்ல ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தோட வெள்ளை பஸ்ல வெளிய வந்தாங்க.

திரும்பி வந்த கதையும் ஒரே மாதிரி இல்ல. கோபன்ஹேகன் நகராட்சி ஆளுங்க நிறைய வீடுகளுக்கு வாடகை கட்டி, சாமானைப் பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்க. அதே நேரத்துல, வந்து பாத்தா வேற குடும்பம் குடியிருந்த வீடுகளும் உண்டு. அப்புறம் குழந்தைங்க. படகுல அழுதா எல்லாரும் மாட்டிக்குவோம்னு, நூத்துக்கும் மேல சின்னப் பிள்ளைங்களை இங்கயே டேனிஷ் குடும்பங்கள்ல விட்டுட்டுப் போனாங்க. ஒண்ணரை வருஷம் கழிச்சுப் பெத்தவங்க வந்தப்போ, அந்தப் பிள்ளைங்க பலதுக்கு வளத்தவங்கதான் அம்மா.

இன்னொண்ணு, இங்க ரொம்ப நாள் யாரும் பேசாதது. 1940-ல இருந்து 1943 வரைக்கும், நாடில்லாம இங்க வந்து ஒதுங்கியிருந்த யூத அகதிகள் 21 பேரை டென்மார்க் அதிகாரிகளே ஜெர்மனிகிட்ட ஒப்படைச்சாங்க. பெரும்பாலானவங்க கொல்லப்பட்டாங்க. ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசன் பிரதமரா இருந்தப்போ, 2005 மே மாசம்தான் அதுக்கு மன்னிப்பு கேட்டார். மீனவன் வாங்கின ஆயிரம் குரோனரைப் பத்திக் கோவப்படுறவங்க, சம்பளம் வாங்கிக்கிட்டு ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போட்டு இதைப் பண்ணவங்களைப் பத்தியும் கொஞ்சம் கோவப்படலாம்.

டுக்விட்ஸ் பிழைச்சுக்கிட்டார். 1955-ல மேற்கு ஜெர்மனி தூதரா இதே கோபன்ஹேகனுக்கு வந்தார். 1971-ல, யூதர்களைக் காப்பாத்தினவங்க பேரைப் பதிவு பண்ணி கௌரவிக்கிற இஸ்ரேலோட யாத் வஷெம் நினைவகம் அவரை கௌரவிச்சுது. டேனிஷ் எதிர்ப்பு இயக்கம் மட்டும் தனித்தனியா பேர் வேணாம், மொத்தமா ஒரே பேரா போடுங்கன்னு கேட்டுக்கிச்சு.

வரணும்னு நினைக்கிறவங்களுக்கு: கோபன்ஹேகன்ல இருந்து ஹில்லெரோட் வரைக்கும் எஸ் ட்ரெயின், அங்க இறங்கி லோக்கல் ட்ரெயின் பிடிச்சா கில்லெலாய. ஸ்டேஷன்ல இருந்து சர்ச், துறைமுகம் எல்லாம் நடக்குற தூரம்தான். ஜாக்கெட் மறக்காதீங்க. நேரம் இருந்தா கோபன்ஹேகன்ல ராயல் லைப்ரரி பக்கத்துல யூத மியூசியத்தையும் பாருங்க, பழைய படகுக் கொட்டகைக்குள்ள டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைச்சது. உள்ள தரை வேணும்னே சாய்வா போட்டிருக்காங்க, அதனால வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா கையைப் பிடிச்சுக்கோங்க.