பேக்கப் ஓடும்போது பில்லிங் ஏன் நிற்கிறது? லினக்ஸில் டிஸ்க்கைப் பங்கு போடுவது

வணக்கம்ங்க. பெருந்துறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நம்ம வீடு மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறது.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு சர்வர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். சாயங்காலம் சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருக்கும், பில் போட்டே ஆக வேண்டும். அதே நேரத்தில் பேக்கப் ஆரம்பிக்கும். பில்லிங் திரை அப்படியே நின்றுவிடும். சிபியு சும்மா கிடக்கும், ரேமும் இருக்கும். உடனே ஒருவர் வந்து புது சர்வர் வாங்கச் சொல்லுவார். வாங்காதீங்க, முதலில் டிஸ்க்கை யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

லினக்ஸில் இதற்கு சிகுரூப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஓடுகிற ப்ராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியு, இவ்வளவு டிஸ்க் என்று சொல்லலாம். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து ஓட்டுகிற டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். சர்வீஸ்களைத் தொடங்கி நடத்துகிற சிஸ்டம்டி இருக்கிற மெஷினில் ஒவ்வொரு சர்வீஸும் ஏற்கெனவே ஒரு குழுதான். பில்லிங் டேட்டாபேஸ் ஒரு குழு, பேக்கப் ஒரு குழு என்று தனியாகப் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

டிஸ்க்குக்கு இரண்டு வழி. ஐஓ என்றால் டிஸ்க்கில் படிப்பதும் எழுதுவதும்தான். ஒன்று, கட்டு போடுவது: ஐஓ மேக்ஸ் என்ற ஃபைலில், இந்த டிஸ்க்கில் இந்தக் குழு நொடிக்கு இத்தனை பைட்டுக்கு மேல் படிக்கக் கூடாது, இத்தனை ரிக்வெஸ்டுக்கு மேல் எழுதக் கூடாது என்று எழுதிவிடலாம். இன்னொன்று, எடை கொடுப்பது. ஐஓ வெயிட் 1 முதல் 10,000 வரை, சும்மா விட்டால் 100. பில்லிங்குக்கு 100, பேக்கப்புக்கு 10 என்று வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்போது பில்லிங்குக்கு கிட்டத்தட்ட 91 சதவீதம், பேக்கப்புக்கு 9. ராத்திரி பில்லிங் தூங்கும்போது பேக்கப் முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும். கட்டு போட்டால் அது நடக்காது. நொடிக்கு 30 எம்பி என்று கட்டு போட்டிருந்தால், ஆளே இல்லாத ராத்திரியிலும் அதே 30 எம்பியில் உருட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கம்பெனி சர்வருக்கு நான் எடைதான் சொல்லுவேன். வாடகைக்கு இடம் விடுகிற ஹோஸ்டிங்காரர்களுக்கு, காசுக்குத் தகுந்த வேகம் கொடுக்க, கட்டு சரியாக இருக்கும்.

இதுவரை சுலபம்தான். சிக்கல் எங்கே என்றால், எதை அளந்து பங்கு போடுவது?

நம்ம கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். அங்கே சண்டை எவ்வளவு இருந்தாலும், ஒரு கனஅடி யார் வயலுக்குப் போனாலும் ஒரு கனஅடிதான். டிஸ்க் அப்படி இல்லை. கேட்கிற விதத்தைப் பொறுத்து அதன் மொத்தக் கொள்ளளவே மாறிவிடும்.

7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் சுற்றி வருவதற்குச் சராசரியாகப் பாதிச் சுற்று, 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். படிக்கிற முனையான ஹெட் நகர்ந்து போக இன்னொரு 8 என்று வையுங்கள். ஆக ஒரு ரிக்வெஸ்டுக்கு 12 மில்லிசெகண்ட், நொடிக்கு 80 ரிக்வெஸ்ட் மாதிரி. டேட்டாபேஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக 4 கேபி துண்டுகளாகப் படித்தால் நொடிக்கு 320 கேபிதான் வரும். அதே டிஸ்க்கில் பேக்கப் வரிசையாகப் படித்தால் 150 எம்பி தாராளமாக வரும். ஏறத்தாழ 470 மடங்கு வித்தியாசம்! பைட் கணக்கில் சமமாகப் பிரித்தால், டேட்டாபேஸுக்குக் கிடைக்கிற அதே சொற்ப பைட்தான் பேக்கப்புக்கும் கிடைக்கும், அது பட்டினி கிடக்கும். ரிக்வெஸ்ட் கணக்கில் பிரித்தால், பெரிய பெரிய துண்டாகக் கேட்கிறவன் கொள்ளையடிப்பான்.

முதலில் வந்த வழி, நேரத்தை அளப்பது. 2010இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.33 பதிப்பில் எடை வந்தபோது அது சிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலர் மேல் உட்கார்ந்திருந்தது. டிஸ்க்குக்கு எந்த ரிக்வெஸ்ட் எப்போது போகும் என்று முடிவு செய்வதுதான் ஷெட்யூலர். உனக்கு இவ்வளவு மில்லிசெகண்ட், அதற்குள் எவ்வளவு முடியுமோ செய்துகொள் என்ற கணக்கு. ஒரு நேரத்தில் ஒரு ஹெட் மட்டுமே வேலை செய்கிற ஹார்ட் டிஸ்க்குக்கு அது நியாயம். ஒரே நேரத்தில் நிறைய ரிக்வெஸ்டைச் செய்கிற எஸ்எஸ்டியில், இது யாருடைய நேரம் என்று எப்படிச் சொல்வது? சிஎஃப்க்யூவை 2019இல் 5.0 கர்னலில் எடுத்தே விட்டார்கள்.

அதே வருடம் 5.4இல் கர்னல் டெவலப்பர் டெஜுன் ஹியோ எழுதிய ஐஓ காஸ்ட் வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு விலை: வரிசையாக வருவதா, தாறுமாறாக வருவதா, படிப்பதா, எழுதுவதா, எவ்வளவு பெரிது என்று பார்த்து, டிஸ்க்கின் நேரத்தில் இதற்கு இவ்வளவு செலவு என்று மதிப்பிடுகிறது. அந்தச் செலவைத்தான் எடைப்படி பங்கு போடுகிறது. டிஸ்க்கில் எழுதுகிற சில வேலைகளை நிறுத்தி வைத்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள், ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களை முதலில் குறித்து வைக்கிற ஜர்னல் அப்படிப்பட்டது. அதை உடனே போகவிட்டு, அந்தக் குழுவின் பேரில் கடனாக எழுதி, அப்புறம் வசூல் செய்கிறது. கெட்டிக்கார வேலை.

சரி, இப்போது திரையைப் பாருங்கள். பேக்கப் சர்வீஸுக்கு ஐஓ வெயிட் 10 என்று சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் மூலம் கொடுத்துவிட்டேன். எந்த எர்ரரும் வரவில்லை. ஆனால் பில்லிங் அதே மந்தம்தான்! எடையை எழுதினால் மட்டும் போதாது, அதைப் படிக்கிற ஆள் கீழே இருக்க வேண்டும். ஷெட்யூலர் ஃபைலைத் திறந்தால், இந்த சாட்டா டிஸ்க்கில் எம்க்யூ டெட்லைன் என்ற ஷெட்யூலர் இருக்கிறது. அதற்கு இந்த எடை தெரியாது. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் பெரும்பாலும் நன் (none), அதாவது ஷெட்யூலரே இல்லை என்றே இருக்கும், அங்கும் எடை தெரியாது. ஒன்று, எடையைப் படிக்கிற பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலருக்கு மாற்றுங்கள், அது 4.12இலிருந்தே கர்னலில் இருக்கிறது. இல்லையென்றால் அந்த டிஸ்க்குக்கு ஐஓ காஸ்டை இயக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு பிஎஃப்க்யூ, வேகமான எஸ்எஸ்டிக்கு ஐஓ காஸ்ட் என்பது என் கருத்து. மாற்றிவிட்டேன். இதோ, பேக்கப்பின் வேகம் இறங்குகிறது, பில்லிங் நகர்கிறது.

இன்னொன்று. பழைய மெஷினில் சிகுரூப்பின் முதல் பதிப்பு ஓடினால், எழுதுவதற்குப் போட்ட கட்டு பெரும்பாலும் வேலை செய்யாது. எழுதியது முதலில் மெமரியில் தங்கி, பிறகு கர்னலின் த்ரெட் டிஸ்க்குக்குத் தள்ளும்போது அது யாருடையது என்ற கணக்கே இல்லாமல் போய்விடும். இரண்டாம் பதிப்பில் மெமரி கணக்கையும் டிஸ்க் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதால் சரியான குழுவின் தலையில் விழும். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற மூன்று ஃபைல் சிஸ்டத்திலும் நடக்கும். டிடி கட்டளையை வைத்து வேகத்தைச் சோதிக்கிறவர்கள், மெமரியில் தங்காமல் நேராக டிஸ்க்குக்குப் போகிற டைரக்ட் ஆப்ஷனைப் போட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் மெமரியின் வேகத்தைப் பார்த்துவிட்டு கட்டு வேலை செய்யவில்லை என்று எனக்கு மெசேஜ் அனுப்புவீர்கள்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பில்லிங் குழுவின் ஐஓ ப்ரெஷர் ஃபைலைப் பார்த்து வையுங்கள். கடைசி 10 நொடியில் டிஸ்க்குக்காக எத்தனை சதவீத நேரம் காத்துக் கிடந்தது என்று அதில் இருக்கும். பேக்கப் ஓடும் நேரத்தில் அந்த எண் இறங்கவில்லை என்றால் மட்டும் புது டிஸ்க் பற்றி முதலாளியிடம் பேசுங்கள்.